மணலிடம் கேட்ட கேள்வி

நிலோஃபர் சண்டைக்கு வருவதுபோலத்தான் மண் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். கடற்கரையோரம் அவள் வாப்பா கட்டும் வீட்டுக்கு நாலடி ஆழத்தில் கடைக்கால் தோண்டியாயிற்று. கான்கிரீட் மெஷின் வந்து நிற்கிறது. அஸ்திவாரக் கணக்குப் போட்டவள், கட்டடப் பொறியியல் படிக்கும் அவளே. அதைப் பார்த்துவிட்டு, 'கொட்ட வேண்டாம்' என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தார் பேராசிரியை இருதயமேரி.

"என் கணக்குல எங்க மேடம் தப்பு?"

"தப்பே இல்லை."

"அப்புறம் என்ன? பள்ளத்துல மூட்டை மூட்டையா பாரம் அடுக்கி மூணு நாள் விட்டோம். நூலளவுகூட இறங்கலை. கொத்தனார் மேல ஏறி ஆடியே காட்டினார்!"

"நல்லா ஆடினாரா?"

நிலோஃபருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிர்வு மேசைமேல் ஒரு தொட்டி. இருதயமேரி அதில் மணலைக் கொட்டி, கடலோரத்து அடிமணல்போல முழுக்க நனையும்வரை தண்ணீர் விட்டார். மேலே ஒரு செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்.

"அழுத்திப் பார்."

இரண்டு கையும் ஊன்றி அழுத்தினாள். செங்கல் அசையவில்லை.

"பார்த்தீங்களா!"

பேராசிரியை சுவிட்சைப் போட்டார். மேசை குலுங்கியது. மணலுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்தது. மணல் கஞ்சியாயிற்று. செங்கல் ஒருபக்கம் சாய்ந்து, பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. எண்ணிப் பத்து நொடி. சுவிட்சை அணைத்தார்.

சற்றுப் பொறுத்து நிலோஃபர் செங்கலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மணல் மறுபடி இறுகியிருந்தது.

"இப்பவும் கெட்டியாத்தானே இருக்கு! அப்ப எது நிஜம்? மூணு நாளா பொய்யா சொல்லிச்சு?"

"பொய் சொல்லலைம்மா. தாங்குவியான்னு கேட்டீங்க, தாங்குவேன்னுச்சு. குலுங்குறப்ப தாங்குவியான்னு நீங்க கேட்கலை."

"எங்க ஊர்ல எப்ப மேடம் பூகம்பம் வந்துச்சு?"

"கொத்தனாரைக் கேளு. அவர்தான் மூணு நாளா மண்ணைப் பார்த்திருக்காரே, இனிமே வருமா வராதான்னு சொல்லிடுவார்."

நிலோஃபரின் முகம் சிவந்தது. செங்கலைச் சுற்றிக் குனிந்து பார்த்தாள்.

"சரி, இது உடையலையே? ஒரு கீறல் இருக்கா, சொல்லுங்க. அப்ப என் கட்டடம் ஜெயிச்சுதா, தோத்துதா?"

"கீறல் இல்லைதான்," என்றார் இருதயமேரி. "உள்ள இருக்கிறவங்க எந்த வாசல் வழியா வெளிய வருவாங்க?"

வாப்பாவின் போன் வந்தது. எடுத்தாள்.

"கொட்டாதீங்க வாப்பா. மெஷினைத் திருப்பி அனுப்புங்க."

"ஏம்மா, மணல் சரியில்லையா?"

நிலோஃபர் இறுகி நின்ற செங்கலைப் பார்த்தாள். "மணல் சரியாத்தான் இருக்கு வாப்பா, நாம கேட்ட கேள்விதான் பத்தலை."