அக்கரையில் கேட்ட இசை

மூங்கில்காட்டில் ஒரு மரங்கொத்தியும் ஒரு சில்வண்டும் ஒரு தவளையும் வாழ்ந்தார்கள். மூவருக்கும் இளம் வயது. மூவருக்கும் இசை என்றால் உயிர்.

மரங்கொத்தியின் பெயர் செம்பன். நீளமும் குட்டையுமான காய்ந்த மூங்கில்களை ஒரு கொடியில் வரிசையாகக் கட்டி வைத்திருந்தான். அலகால் தட்டினால் ஒவ்வொன்றிலும் ஒரு சுரம் எழும். சில்வண்டு இழையன் இறக்கையோடு இறக்கையை உரசி, நூல் போல மெல்லிய ஓசையை இழுத்துக்கொண்டே போவான். தவளை குமிழி ஒரு பாறைப் பொந்துக்குள் உட்கார்ந்து அடித்தொண்டையில் பாடுவாள். அவள் குரல் தரை வழியாக வந்து கேட்பவர்களின் நெஞ்சைத் தொடும்.

தனித்தனியாகக் கேட்டால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. மூன்றும் சேர்ந்துவிட்டால், மேய்கிற மான் புல்லை மறந்து தலை தூக்கி நிற்கும்.

அந்தக் கோடையில், காட்டாற்றுக்கு அக்கரையில் இருந்த புல்மேடு தீப்பற்றி எரிந்துபோனது. செம்பன் பறந்துபோய்ப் பார்த்தான். பச்சை என்று சொல்ல ஒரு இலைகூட மிஞ்சவில்லை. கருகிய புதர்களுக்கு நடுவே முயல்கள் வேரைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. தும்பை என்ற தாய் முயலைச் சுற்றி அவளுடைய குட்டிகள் சோர்ந்து படுத்திருந்தன.

"எனக்குப் பாலே வத்திப்போச்சு தம்பி," என்றாள் தும்பை. "ஆத்தைத் தாண்டற வலு எங்களுக்கு இல்லை. உங்க பக்கம் யாராவது மனசு வெச்சாத்தான் இதுங்க பிழைக்கும்."

செம்பன் உடனே கிளம்பினான். திரும்பி வந்து நண்பர்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். கச்சேரி வைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது இழையன்தான். கேட்க வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் புல்லோ தழையோ கிழங்கோ கொண்டுவர வேண்டும். சேருவதை முயல்களுக்கு அனுப்பிவிடலாம். மற்ற இருவரும் உடனே சம்மதித்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மனதில் முயல்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சுமந்து போக ஒரு மிளா முன்வந்தது. நீர் முழங்காலளவைத் தாண்டாதவரை அந்தப் பெரிய மானுக்கு ஆற்றைக் கடப்பது ஒரு வேலையே இல்லை. ஆனால் மலைப்பக்கம் மேகம் கூடுவதை அது கவனித்திருந்தது. ஒரே ஒரு பாட்டு வாசியுங்கள், அது முடிந்ததும் நான் ஆற்றில் இறங்கிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொன்னது. மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் காலை செம்பன் மீண்டும் அக்கரைக்குப் பறந்தான். "இன்னிக்குச் சாயங்காலம் நாங்க வாசிக்கிறது உங்களுக்கும் கேட்கும் அக்கா. பாட்டு நின்னதும் சாப்பாடு புறப்பட்டுடும்," என்று தும்பையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஆற்றங்கரையில் கூட்டம் நிரம்பிவிட்டது. மான்கள் வந்தன, மந்திகள் வந்தன, காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு வந்தன. அருகம்புல்லும் இளந்தழையும் கிழங்கும் குவிந்தன. தன் பொந்தில் சேர்த்து வைத்திருந்ததை ஒரு அணில் அப்படியே கொண்டுவந்து கொட்டியது.

மூவரும் இதுவரை தங்களுக்குள்தான் வாசித்திருந்தார்கள். இவ்வளவு கண்கள் தங்களைப் பார்ப்பதை அவர்கள் கண்டதில்லை. முதலில் செம்பனின் அலகு தடுமாறியது. பிறகு இழையனின் ஓசை வந்து அதைத் தாங்கிக்கொண்டது. குமிழியின் குரல் இரண்டையும் அடியிலிருந்து தூக்கியது. பாட்டு முடிந்தது. உடனே ஒரே ஆரவாரம். மந்திகள் கிளைகளைப் பிடித்து உலுக்கின. "இன்னொன்னு, இன்னொன்னு!" என்று கரையெங்கும் குரல் எழுந்தது.

மிளா, சேர்ந்ததை நிரப்பிய கொடிக்கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொன்னு வாசிச்சா இன்னும் கொஞ்சம் சேருமே," என்றான் இழையன்.

அது பொய்யில்லை. இரண்டாவது பாட்டின் ஓசை கேட்டு மேல்காட்டிலிருந்து புதிதாகப் பலர் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆனால் ஏற்கெனவே சேர்ந்திருந்ததே முயல்களுக்குப் பல நாளுக்குப் போதும். மூவரும் குவியலின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர்கள் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முடிந்ததும் மிளா பக்கத்தில் வந்து, மலை கறுத்துவிட்டது, இருப்பது போதும், கிளம்புகிறேன் என்றது. நடுவில் நீங்கள் எழுந்து போனால் கூட்டமே கலைந்துவிடும், இன்னும் ஒன்றே ஒன்று என்று இழையன் கெஞ்சினான். மிளாவுக்கு யாரிடமும் கறாராகப் பேசத் தெரியாது. ஆற்றைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

மூன்றாவது பாட்டில் குமிழி தனியாகப் பாட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்த இடம் நெருங்கும்போதே அவள் தோல் சிலிர்த்தது. மழையைப் பற்றித் தவளைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலை உச்சியில் கனமாகக் கொட்டத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அடுத்தது அவள் முறை. அவள் குரலைத் தனியாக யாரும் இதுவரை கேட்டதில்லை. இதை மட்டும் பாடிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

பாடினாள். அப்படி அவள் முன்பு பாடியதில்லை. காட்டுப்பன்றிக் குட்டிகள்கூட அசையாமல் கேட்டன. பாடி முடித்ததும் எழுந்த ஆரவாரத்தில், சொல்ல நினைத்ததை அவள் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

நான்காவது பாட்டைத் தொடங்கு என்று யாரும் செம்பனிடம் சொல்லவில்லை. அவனே தொடங்கினான். பாதியில் தலை நிமிர்ந்தபோது ஆற்று நீர் செம்மண் நிறமாக மாறியிருப்பதைக் கண்டான். கண்டும் குனிந்து மூங்கிலைத் தட்டினான்.

பாட்டு முடியுமுன் இடி விழுந்தது. கூட்டம் நாலாபக்கமும் ஓடியது. மிளா பாய்ந்து ஆற்றில் இறங்கியது. முழங்காலளவு ஓடிய நீர் அதன் மார்பில் மோதித் தள்ளியது. கரைக்கு ஒதுங்கிய மிளா திரும்பவும் இறங்கியது. கூடை சரிந்து பாதிப் புல் வெள்ளத்தோடு போயிற்று; மிளா கரையேறிவிட்டது. செம்பன் அலகு கொண்ட மட்டும் புல்லைக் கவ்விக்கொண்டு பறந்தான். நடு ஆற்றில் மழை அவனை அடித்துக் கீழே தள்ளப் பார்த்தது. புல்லைத் தவறவிட்டு, உயிர் பிழைத்து வந்ததே பெரிது என்று கரையில் வந்து விழுந்தான். அவர்களுக்குப் பின்னால் காடு கொடுத்ததில் மிஞ்சியதெல்லாம் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

வெள்ளம் வடியச் சில நாட்கள் ஆயின. வடிந்ததும் மிளா புதிதாகப் பறித்த புல்லைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தது. குமிழி அதன் முதுகிலும் இழையன் அதன் கொம்பிலும் உட்கார்ந்து போனார்கள். செம்பன் முன்னால் பறந்தான்.

மேட்டில் முயல்கள் இல்லை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று முடிவு செய்து, மேட்டைத் தாண்டி, நாய்கள் காவல் காக்கும் தோட்டங்களின் பக்கம் போய்விட்டிருந்தன. போனவற்றில் எத்தனை பிழைத்தன என்று யாருக்கும் தெரியாது. தும்பை மட்டும், நடக்க வலுவில்லாத குட்டிகளோடு, கரையோரப் பாறைக்கு அடியில் இருந்தாள். அவளோடு இருந்த குட்டிகளில் ஒன்று குறைந்திருந்தது.

அவள் புல்லைக் குட்டிகளின் பக்கம் நகர்த்திவிட்டாள்.

"வெள்ளம் வந்துடுச்சு அக்கா," என்றான் செம்பன்.

"தெரியும் தம்பி," என்றாள் தும்பை. அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க வாசிச்சது இங்க நல்லாவே கேட்டுச்சு. பாட்டு நின்னதும் சாப்பாடு வரும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடவை நிக்கிறப்பவும் எழுந்து ஆத்தைப் பார்ப்பாங்க. மறுபடியும் ஆரம்பிச்சுடும். உட்கார்ந்துக்குவாங்க." கொஞ்ச நேரம் குட்டிகள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசிப் பாட்டு நின்னப்போ சின்னவன் எழுந்திருக்கலை."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்த இழையனுக்கு, அதை எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது குமிழி அழுதாள். மழை வருவது தனக்கு முன்பே தெரியும் என்று சொன்னாள். நீரின் நிறம் மாறியதைத் தானும் பார்த்ததாகச் செம்பன் சொன்னான். இருவரும் யாரையும் குறை சொல்லவில்லை. இழையன் மிளாவின் கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் நீரையே பார்த்தபடி வந்தான்.

அந்த மூவர் பின்னாளில் எத்தனையோ பேருக்காக வாசித்தார்கள். ஆனால் சேர்ந்த உணவு புறப்பட்டு, போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் செம்பன் முதல் மூங்கிலைத் தட்டுவான். அதுவரை கூட்டம் பொறுமையிழந்து கத்தினாலும் அசையமாட்டான். அவர்களுடைய இசை முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று காடே சொன்னது. கேட்டு அவர்கள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. புல்மேட்டில் மறுபடி புல் முளைத்தது. அங்கிருந்து போன முயல்கள் திரும்பவில்லை.

பிறர் துயர் தீர்க்கத் தொடங்கிய காரியத்தில் நமக்குக் கிடைக்கும் பாராட்டில் மயங்கி நின்றால், நம்மை நம்பிக் காத்திருப்பவர்களை நாமே கைவிட்டவர்கள் ஆவோம்.