உடைக்காத குவளை

"ஐயா, நான் வரல. என்னை விட்டுடுங்க."

கிணற்றடியில் வந்து உட்கார்ந்ததும் எயினி சொன்னது இதுதான்.

அவள் பெயர் எயினிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆற்றங்கரையில் சுட்ட செங்கல்லால் ஊர் கட்டி, தெருவுக்குத் தெரு சாக்கடைக்கு மூடி போட்டு வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். அவ்வளவு கெட்டிக்காரர்கள் எழுதி வைத்ததை இன்றுவரை ஒருத்தராலும் படிக்க முடியவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்தால்தான் கதை நகரும். அதனால் அவள் எயினி. எதிரே கயிற்றோடு நின்றவர் சாத்தனார்.

சாத்தனார் அந்தக் கிணற்றின் காவல்காரர். வருகிறவர்களுக்கு இறைத்து ஊற்றுவார். மனசு சரியில்லை என்று வந்தால் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். மூன்றாவது வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாக யாரும் சொல்லவில்லை. எயினியைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தும் பதினோரு வருடமாக அவள் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டாள். தினமும் கிணற்றடியைக் கூட்டிவிட்டு, அவர் பேச மாட்டாரா என்று உட்கார்ந்திருப்பாள்.

"ஏம்மா வரல?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க வாயால சொல்லுங்க."

"என் பிள்ளை வந்தா என்னை எங்கே தேடுவான்?"

சாத்தனார் தோண்டியைக் கிணற்றுக்குள் விட்டார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டொக்கென்று தரையில் தட்டியது.

ஆறு போய்விட்டது, அதுதான் விஷயம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற மருமகள் மாதிரி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, ஒரேயடியாகக் கிழக்கே போய்விட்டது. பின்னாலேயே கிணறுகளும் வற்றின. ஊர் காலியானது. குயவர்கள் போனார்கள், மணி கோர்ப்பவர்கள் போனார்கள். மிச்சம் இருந்தது நாலே வண்டி.

அந்த நாலும் அன்றைக்குக் கிளம்புகின்றன. மாடு பூட்டியாயிற்று. பெண்கள் அடுப்பு நெருப்பைச் சட்டியில் எடுத்துச் சாம்பல் போட்டு மூடியாயிற்று. அரசமரத்தைச் சுற்றிவந்து கும்பிட்டும் ஆயிற்று. கடைசி வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எயினியின் மகள் வெண்ணி நின்றாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

"எங்கம்மா வராம நான் ஏறமாட்டேன்" என்று அவள் பிடிவாதம். வண்டிக்காரர் வெயில் சாய்கிறவரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"வெண்ணி என்ன ஆவா?" என்றார் சாத்தனார்.

"அவ போகட்டும்."

"போகமாட்டேங்கறாளே. குழந்தைக்கு நாளைக்குத் தண்ணி?"

எயினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேத்தியை நினைத்தால் ஏறிவிடலாம் என்றிருந்தது. மகனை நினைத்தால் கால் எழும்பவில்லை.

மகன் சேந்தன். செம்மணி மூட்டையோடு படகேறிக் கடல் பக்கம் போனவன். போய்ப் பதினோரு வருடம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றடியில் தண்ணீர் குடிப்பவருக்கு ஆளுக்கொரு மண்குவளை. குடித்ததும் அதைப் பக்கத்திலிருக்கிற குவியலில் போட்டு உடைத்துவிட வேண்டும். ஒருவர் எச்சில் இன்னொருவர் வாய்க்குப் போகக் கூடாது. தலைமுறை தலைமுறையாக உடைத்து உடைத்து, ஓட்டுக் குவியல் ஓர் ஆள் உயரம் வளர்ந்து நின்றது.

சேந்தன் படகேறுகிற அன்றைக்கு இங்கேதான் குடித்தான். துறையில் ஆட்கள் கத்தினார்கள். "நேரமாச்சும்மா, நீயே உடைச்சிடு" என்று குவளையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

அவள் உடைக்கவில்லை. எச்சில் குவளையை மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள், இல்லை திட்டுவார்கள். பதினோரு வருடமாக ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தினமும் ஒருதரம் எடுத்து, அவன் வாய் வைத்த விளிம்பில் விரல் படாமல் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கும் அது மடியில்தான் இருந்தது.

சாத்தனார் தோண்டியை மேலே இழுத்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பத்து நாளாக அதுதான் வருகிறது. இன்றைக்கு அதிலும் பாதி.

"அம்மா... தண்ணி..."

யாரோ ஒருவன் தெருமுனையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். முப்பது வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது. கிணற்றின் சுற்றுச் சுவரைத் தொட்டதும் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

எயினிக்கு அது சேந்தனோ என்று தோன்றியது. எழுந்து ஓடி முகத்தைப் பார்த்தாள்.

அவன் இல்லை.

"குவளை வேணும்" என்றார் சாத்தனார்.

குவளைக்கு எங்கே போவது? குயவர்கள் போய்ப் பன்னிரண்டு நாள்; வீட்டுப் பாத்திரமெல்லாம் மூட்டைகளுக்கு அடியில் வண்டியில் கட்டியாயிற்று. கையை ஏந்தச் சொல்லலாம் என்றால், வந்தவனுடைய கை இரண்டும் கந்தையில் சுற்றியிருந்தது. ஆற்று மணலை நகம் பெயரும்வரை தோண்டியிருக்கிறான். அண்ணாந்து குடிக்கச் சொல்லலாம்தான். தலையே நிற்காதவனுக்கு எப்படி? தோண்டியைச் சாய்த்தால் பாதி மார்பில் வழியும். இருப்பதே ஒரு குவளைத் தண்ணீர்.

"மடியில இருக்கறதை எடுங்கம்மா."

எயினி திடுக்கிட்டாள். "உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு உடையற சத்தம் கேக்கல."

"அது எச்சில் குவளைய்யா!"

"ஆமா."

"என் பிள்ளையோடதுய்யா!"

சாத்தனார் தோண்டியை ஏந்திக்கொண்டு நின்றார். வந்தவனுக்குக் கண் செருகிக்கொண்டு போனது.

அவள் என்ன செய்வாள், பாவம். முடிச்சை அவிழ்த்தாள். முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் எதைத் துடைத்தோம் என்று உறைத்தது. குவளையை நீட்டினாள். சாத்தனார் ஊற்றினார். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து, அவளே வாயில் வைத்துக் கொடுத்தாள்.

குடித்தான். பாதியில் இருமினான். இரண்டு கந்தைக் கைகளாலும் குவளையை வாங்கி, மிச்சத்தையும் சொட்டு விடாமல் குடித்தான். கண்ணில் உயிர் வந்தது.

வந்ததும், எல்லாரும் செய்கிறதைச் செய்தான். குவளையைக் குவியலில் வீசினான்.

"ஐயோ!"

எயினி குவியல்மேல் விழுந்தாள். ஓடுகளை அள்ளினாள், புரட்டினாள், ஒவ்வொன்றாக முகத்தருகே வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே மண், ஒரே சூளை, ஒரே சிவப்பு. எது அவனுடையது?

"பாவி! என் பிள்ளை வாய் வச்சதுடா அது! அது ஒண்ணுதாண்டா இருந்தது எனக்கு!"

வந்தவன் நடுங்கிப்போனான். "தெரியாதும்மா... குடிச்சா உடைக்கறதுதானே எங்கேயும்..." என்று தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். "உங்களை அழ வச்சதை எங்கம்மா பார்த்தா என்னைக் கொன்னுடுவாங்க."

எயினி நிமிர்ந்தாள்.

"உங்கம்மா எங்கே?"

"ஆத்துக்கு இன்னும் மேல்பக்கம், எங்க ஊர்ல. ஒன்பது வருஷம் ஆச்சு நான் கிளம்பி. படகுல போனேன். இப்போ ஆத்தைக் காணோம், நடந்து வரேன்."

"செம்மணி மூட்டையோட போன சேந்தனைப் பார்த்தியா? இடது புருவத்துல தழும்பு இருக்கும்."

அவன் யோசித்தான். பொய் சொல்ல மனமில்லாத பையன். "இல்லம்மா."

எயினி மடியிலிருந்த ஓடுகளைக் கீழே கொட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"இவ்வளவு தூரம் எப்படிடா வந்தே?"

"கிணறு கிணறாத்தான். எங்கே ஓட்டுக் குவியல் தெரியுதோ அங்கே போவேன். பாதி ஊர்ல ஆளே இல்ல. நாலு நாளைக்கு முன்னாடி ஒரு அம்மா இறைச்சு ஊத்தினாங்க. அதுக்கு முன்னாடி இன்னொரு அம்மா. ஊத்திட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னாங்க."

"யாரு அவங்க?"

"பேர் கேக்கலையே..." என்று தலையைக் குனிந்தான். "தாகம்மா."

தெருவில் மாடு மணியை ஆட்டியது. வெயில் சாய்ந்துவிட்டது. "கிளம்பலாமா?" என்று வண்டிக்காரர் குரல் கொடுத்தார். குழந்தை அழுதது. வெண்ணி சக்கரத்தை விடவில்லை.

எயினி சாத்தனாரிடம் திரும்பினாள். கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்டாள்.

"அவன் வந்தா, ஐயா?"

சாத்தனார் தோண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். சொட்டு இல்லை. கயிற்றை முழம் முழமாகச் சுருட்டி அவள் தோளில் மாட்டினார்.

"வந்தா தாகத்தோடதான் வருவான். தண்ணி இருக்கற கிணத்துக்கு."

அவள் வற்றின கிணற்றைப் பார்த்தாள். தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். குனிந்து அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"அடியே வெண்ணி! ஏறித் தள்ளி உக்காரு. கயிறு வைக்கணும்."