நீட்டாத சாக்பீஸ்

அருளப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கேலி செய்தவர்களிடம், "கத்துக்கிறவன் நானு, உனக்கென்னப்பா வலிக்குது?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

கூட்டுறவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மனிதருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் ஜமீலா டீச்சர் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித்தந்தார். அங்கே போய் நின்றார். "பாடம் நடத்த என்னையும் பழக்கிவிடுங்க டீச்சர்."

"பழக்கிடலாம் சார். இங்க ஒரே ஒரு சட்டம்தான். கேள்விக்குப் பதில் தெரியலைன்னா சாக்பீஸைக் கேட்டவங்ககிட்ட நீட்டிடணும். 'எனக்குத் தெரியலை, சேர்ந்து தேடுவோம்'னு சொல்லணும். வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஜமீலாவே அடிக்கடி நீட்டுவார். வகுப்பில் யாராவது எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். அருளப்பனுக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். நமக்கெல்லாம் அந்த நிலைமை வராது என்று நினைத்துக்கொள்வார்.

வந்தது.

அன்று அவர்தான் பாடம் நடத்தினார். ஸ்ட்ரெட்ச், எக்ஸ்டெண்ட், எக்ஸ்பாண்ட், ப்ரோலாங் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினார். எல்லாவற்றுக்கும் எதிரே நீட்டுதல், நீட்டுதல் என்றே போட்டுக்கொண்டு போனார்.

பின்பெஞ்சில் பாண்டிச்செல்வி எழுந்தாள். கீழே மண்டியில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிச் சுத்தம் செய்கிறவள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். நேர்காணல் இங்கிலீஷில்தான். அதற்காகத்தான் வேலை முடிந்த கையோடு மாடி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"எல்லாமே நீட்டுறதுதான்னா எதுக்கு சார் இத்தனை வார்த்தை?"

நியாயமான கேள்வி. அருளப்பனுக்குப் பதில் தெரியவில்லை. சாக்பீஸ் விரலிடுக்கில்தான் இருந்தது. நீட்டியிருக்கலாம். பாவி மனுஷன், கையை விட்டுவிட்டு வாயை நீட்டினார்.

"முதல்ல அந்த வெங்காய நாத்தம் போகக் கையைக் கழுவிட்டு வாம்மா. சந்தேகத்தை அப்புறம் கேக்கலாம்."

வகுப்பே சிரித்தது. பாண்டிச்செல்வி தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ச்சே, என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று படுத்தால் எழுந்தால் அதே நினைப்பு. மண்டி வாசலைத் தாண்டித்தான் முன்படியில் ஏற வேண்டும். அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள். அதனால் பின்பக்கத்து இரும்புப் படியில் திருடன் மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தார்.

ஒருநாள் சாயங்காலம், வகுப்புக்கு யாரும் வருமுன் ஜமீலாவிடம் போனார். கேட்க வந்தது ஒன்று, கேட்டது வேறு.

"டீச்சர், அன்னிக்கு நடத்தின வார்த்தையில ஒரு சந்தேகம். ஸ்ட்ரெட்ச்னா சரியா என்ன?"

ஜமீலா மேஜையில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துக் காட்டினார். விட்டதும் அது பழையபடி சுருங்கியது.

"எக்ஸ்பாண்ட்?"

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்போ உங்க நெஞ்சு விரிஞ்சுதே சார், அது."

அருளப்பனுக்குக் காது சுட்டது. டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"ப்ரோலாங்?"

"ஒரு நிமிஷத்துல முடியுற சங்கடத்தை, பின்படியில ஏறி ஏறி இத்தனை நாளா இழுத்துக்கிட்டு இருக்கீங்களே, அது."

அவர் தலை குனிந்து நின்றார். கண் கலங்கிவிட்டது. "எக்ஸ்டெண்ட் மட்டும் பாக்கி டீச்சர்" என்றார்.

ஜமீலா ஒரு முழு சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அதை இங்க வெச்சுச் சொல்ல முடியாது. வாங்க சார், முன்படியிலயே இறங்குவோம்."

மண்டியில் பெண்கள் வெங்காயக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிச்செல்வி நிமிர்ந்து, "வாங்க டீச்சர்" என்றாள். பக்கத்தில் நின்றவரை அவள் பார்க்கவில்லை.

அருளப்பன் சாக்பீஸை நீட்டினார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"பாண்டிச்செல்வி, நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலைம்மா. அதை மறைக்கத்தான் அப்படிப் பேசிட்டேன். உன் கையில ஒரு நாத்தமும் இல்ல. நாத்தம் என் வாயிலதான். மேல வாம்மா. நேர்காணல் வருதுல்ல, சேர்ந்து தேடுவோம்."

கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் நிறுத்தவில்லை.

"வெங்காயக் கை சார். சாக்பீஸ்ல ஒட்டிக்கும்."

அருளப்பனுக்குப் பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நீட்டிய கை அப்படியே இருந்தது. தோளில் வலி ஏறியது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பாண்டிச்செல்வி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள்.

பொறுக்கமாட்டாமல் அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வாங்க மாட்டேங்கிறாளே. கை வலிக்குது. என்ன செய்யட்டும்?"

ஜமீலா பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கை உதறிப் போட்டு, பாண்டிச்செல்விக்கு அருகில் உட்கார்ந்தார். ஒரு கை வெங்காயத்தை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"வாங்குறதும் வாங்காததும் அவங்க இஷ்டம் சார்" என்றார், தாளைக் கிள்ளிக்கொண்டே. "எக்ஸ்டெண்ட்னா என்னன்னு கேட்டீங்களே? கையை மடக்காதீங்க."