பேசிக்காத ரெண்டு தூதர்கள்

ஒரு ஊர்ல ஒரு ராஜா. ஜெயிக்கத் தெரிஞ்சவன், ஆளத் தெரியாதவன். அதுல வந்த கோளாறுதான் கதை. படு. கேள்வி கேக்காதே, ம் மட்டும் கொட்டு.

மேற்கே பனி கொட்டுற தேசம். ராஜா பேரு ருத்கர். தட் தட் தட்னு குதிரையில போயி பதினோரு நாட்டைப் பிடிச்சான். அப்புறம்? தெக்க இருந்தா வடக்க என்ன நடக்குதுன்னு தெரியாது. வடக்க போப்போன்னு ஒரு பிரபுவை ஆள வச்சான். அவன் குடியானவங்க உழவு மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போயித் தன் கொட்டில்ல கட்டிக்கிட்டான். ஜனங்க ராஜாவுக்குச் சொல்லி அனுப்பினாங்க. "விதைப்புக்குள்ள மாடு வரலைன்னா நீ எங்களுக்கு ராஜா இல்ல." வடக்கு போனா மத்த பத்தும் போயிடும்.

ம் எங்க? சரி.

ராஜாவுக்குக் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தது. அதனால தளபதியை அனுப்பினான். போப்போ அவனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை குடுத்தான். தளபதி திரும்பி வந்து, "அங்க எல்லாம் சௌக்கியம்"னான். அப்புறம் மடத்துச் சாமியார் போனார். அவருக்கு ஆளுயர மணி. டொய்ங்ங். அவரும் "சௌக்கியம்"னார். அப்புறம் ராஜாவோட மச்சான் போனான். அவன் போப்போ பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டான்.

விதைப்புக்கு ஒரு மாசம். சபையில தளபதியும் சாமியாரும் முட்டிக்கிட்டாங்க.

"மணி வாங்கின ஆளு."

"நீ ஏறி வந்தது உங்கப்பன் வீட்டுக் குதிரையா?"

ராஜா தலையில கை வச்சான். அப்போ கஞ்சி கொண்டு வந்த சமையக்காரி சொன்னா: "பாலாடைக்கட்டிக்கு ஒருத்தனைக் காவல் வச்சேன், குறைஞ்சுது. சிநேகக்காரங்க ரெண்டு பேரை வச்சேன், இன்னும் குறைஞ்சுது. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு பேரை வச்சேன், ஒரு துண்டு குறையல."

"அதுக்கு?"

"இது ரெண்டையும் சேத்து அனுப்புங்க. கஞ்சி ஆறுது."

அனுப்பினான். போப்போ இன்னொரு குதிரையை அவுத்து நீட்டினான். சாமியார் க்ஹும்னு செருமினார். தளபதி கையை இழுத்துக்கிட்டான். போப்போ இன்னொரு மணியைக் காட்டினான். தளபதி சாமியாரைப் பாத்துச் சிரிச்சான். அவர் வேண்டாம்னுட்டார். அப்புறம் விருந்து. ஒருத்தன் வாயை ஒருத்தன் பாத்துக்கிட்டே ரெண்டு பேரும் பட்டினி.

மறுநாள் ரெண்டு பேருமா கொட்டில் கதவைத் திறந்து விட்டாங்க, படார். முன்னூறு மாடு, ம்மா ம்மான்னு விதைப்புக்கு முதல் நாள் வீடு வந்துது. போப்போவையும் அவனுக்கு மருமகனான ராஜாவோட மச்சானையும் ஒரே கழுதையில ஏத்தி ஊரை விட்டு அனுப்பினாங்க. ஊரே தெருவுல ஆடிச்சு.

அன்னிலேர்ந்து பதினோரு நாட்டுக்கும் ரெண்டு ரெண்டு பேரு, ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காதவங்களாப் பாத்து. ஒரு நாடும் கைவிட்டுப் போகல. கல்லுல ராஜா பேரை வெட்டினாங்க, ஆளத் தெரிஞ்சவன்னு.

மாடு வீட்டுக்கு வந்தாச்சு, கதை வாசலுக்கு வந்தாச்சு, கண்ணை மூடு.

என்ன? சமையக்காரி பேரா? கல்லுல இல்ல. வடக்க முதல் ஏர் பூட்டுறவன் அதைச் சொல்லிட்டுத்தான் பூட்டுவான்.

எர்மிண்டா.