கடைசியில் நடந்த ராஜா

எங்கள் கல்லூரி விடுதியில் சமையல் செய்த நேபாளத்துக்காரர் ஒருவர் என் அறைத்தோழிக்குச் சொன்ன கதை இது. அவள் எனக்குச் சொன்னாள். நடுவில் ஏதாவது கூடியோ குறைந்தோ இருந்தால் அந்தப் பிழை எங்கள் இருவருடையது, அவருடையது அல்ல.

இமயமலையில் உயரமான ஓர் ஏரிக்கரையில் ஒரு யாக் கூட்டம் மேய்ந்துவந்தது. யாக் என்றால் உடம்பெல்லாம் சடை தொங்கும் பனிமலை மாடு. அந்தக் கூட்டத்தின் ராஜா சிங்கே என்ற காளை. அதன் கொம்பில் ஒரு சிவப்புக் கம்பளிக் குஞ்சம் ஆடும். ஏழு தலைமுறையாக அப்பன் கொம்பிலிருந்து மகன் கொம்புக்கு வந்த குஞ்சம் அது.

குளிர் தொடங்கினால் புல் தீர்ந்துவிடும். ஏரி உறைந்துவிடும். கூட்டம் ஏரியின் மேல் நடந்து தெற்குப் பள்ளத்தாக்குக்குப் போகும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. ராஜா முன்னால் நடக்கும். ராஜா குளம்பு பதித்த அதே இடத்தில்தான் அடுத்ததும் குளம்பை வைக்க வேண்டும். அதற்கடுத்ததும் அங்கேயேதான். காளைகள் முன்னால் போகும். கன்றோடு மெதுவாக நடக்கும் பசுக்கள் கடைசியில் வரும்.

ஒவ்வோர் ஆண்டும் வரிசையின் கடைசியில் ஏதாவது ஒன்றின் காலடியில் பனி உடையும். அதற்குள் ராஜா அக்கரையே சேர்ந்திருக்கும். "ஏரி தன் பங்கை எடுத்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டு மற்றவை மேயப் போய்விடும்.

சென்ற ஆண்டு ஏரி எடுத்துக்கொண்டது யாங்சென் என்ற பசுவின் மகளை. மேயப் போன கூட்டத்தோடு யாங்சென் போகவில்லை. பனியில் விழுந்த அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றது. இந்த ஆண்டு அதற்கு நோர்பு என்ற கன்று பிறந்திருந்தது. இவனை ஏரிக்குக் கொடுக்கப் போவதில்லை என்று யாங்சென் முடிவு செய்துவிட்டது.

புறப்படும் நாள் வந்தது. யாங்சென் நேராக ராஜாவிடம் போனது.

"ராஜா, ஏரி வேண்டாம். மேட்டு வழியாகப் போவோம்."

"மேட்டு வழியா? இரண்டு நாள் கல்லில் ஏற வேண்டுமே! ஏரியில் அரை நாள்தானே!"

"ஏரியில் பனி உடைகிறது, ராஜா."

"எங்கே உடைகிறது? நானும் எத்தனையோ வருஷமாக நடக்கிறேன். பாறை மாதிரி இருக்கிறது!"

ராஜாவின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த மலைக்காகம் தலையைத் தூக்கியது. "அப்படியானால் ராஜா பொய் சொல்கிறாரா? பார்த்துப் பேசு, தாயே!"

"ராஜா பொய் சொல்லவில்லை" என்றது யாங்சென். "ராஜா மிதிக்கும்போது பனி பாறைதான். பிறகு நாற்பது பேர் அதே இடத்தில் மிதிக்கிறார்கள். எங்கள் முறை வரும்போது அது பாறையாக இருப்பதில்லை. ஒரே ஒரு தடவை கடைசியில் நடந்து பாருங்கள்."

"தலை போய் வாலில் நடக்குமா?" காகம் கெக்கலித்தது. ராஜாவும் சிரித்துவிட்டு ஏரியில் இறங்கியது.

யாங்சென் கரையிலேயே படுத்துக்கொண்டது. "நான் வரவில்லை."

பக்கத்தில் நோர்பு படுத்தது. கன்று வைத்திருந்த மற்றொரு பசு ஒரு கணம் யோசித்துவிட்டு அதுவும் படுத்தது. கிழட்டுக் காளை ஒன்று, "என் தம்பியும் இங்கேதான் போனான்" என்று முனகிக்கொண்டே மண்டியிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாமே படுத்துவிட்டன.

பத்து அடி போன ராஜா திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. முதுகில் காகம் மட்டும் இருந்தது.

"அட, என்ன இது!"

"நீங்கள் நடங்கள் ராஜா, பின்னாலேயே வந்துவிடுவார்கள்!" என்றது காகம்.

ராஜா இன்னும் நாலடி வைத்துப் பார்த்தது. யாரும் எழவில்லை. கோபமாகக் கரைக்குத் திரும்பியது.

"சரி! கடைசியில் நடந்து காட்டுகிறேன். பனி உடையாவிட்டால் நீயும் உன் கன்றும் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடாது. சம்மதமா?"

கூட்டத்தை விட்டுப் போனால் ஓநாய்கள் ஒரு வாரம்கூட விட்டுவைக்காது. யாங்சென் நோர்புவைப் பார்த்தது. பிறகு, "சம்மதம்" என்றது. "ஆனால் அந்த ஓரத்தில் நடப்போம். அங்கே ஆழம் வயிற்றளவுதான். உடைந்தாலும் யாரும் சாகக்கூடாது."

"எனக்காகவா பார்க்கிறாய்?" என்று ராஜா வியந்தது.

"கடைசியில் யார் நடந்தாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்."

ஆழமில்லாத அந்த ஓரத்தில் கூட்டம் வரிசையாக இறங்கியது. யாங்சென் முன்னால் நடந்தது. காகம் ராஜாவின் காதில் கிசுகிசுத்தது. "நடுவில் நுழைந்துவிடுங்கள், ராஜா. யார் பார்க்கப் போகிறார்கள்?"

"கடைசி என்று சொன்னேன். கடைசியில்தான் வருவேன்" என்றது ராஜா. வீம்பு இருந்தாலும் சொன்ன சொல் மாறாத காளை அது.

பத்தாவது யாக் மிதித்தபோது சத்தமில்லை. இருபதாவது மிதித்தபோது பனி முனகியது. முப்பதாவது மிதித்தபோது குளம்படியைச் சுற்றி மெல்லிய கோடுகள் ஓடின. எல்லாம் கடந்த பின் ராஜாவின் முறை வந்தது. ராஜா ஒரு கணம் நின்றது. பிறகு காலை வைத்தது.

படீர்!

ராஜா வயிறு வரை தண்ணீருக்குள் இறங்கியது. காகம் முதல் ஆளாகப் பறந்துவிட்டது. யாங்சென் திரும்பி ஓடிவந்து தன் கொம்பை நீட்டியது. கிழட்டுக் காளையும் சேர்ந்து இழுத்தது. சடையில் தண்ணீர் ஒழுக ராஜா கரையேறியது.

உடைந்த பனியை அது திரும்பிப் பார்த்தது.

"ஏழு தலைமுறையாக எங்களில் ஒருவர் காதிலும் இந்தச் சத்தம் விழுந்ததே இல்லை" என்றது. பிறகு தலையைக் குனிந்து குஞ்சத்தைக் கீழே தள்ளியது. "இதை நீயே வைத்துக்கொள்."

காகம் உடனே யாங்சென்னின் கொம்பில் வந்து உட்கார்ந்தது. "மகாராணி வாழ்க! நான் அப்போதே நினைத்தேன்!"

யாங்சென் தலையை ஓர் உலுக்கு உலுக்கியது. காகம் பனியில் உருண்டது.

"ராணியும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். இந்தக் குஞ்சம் அந்தப் பாறையில் தொங்கட்டும். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் நாமே ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். பயணம் முடிந்ததும் அவர் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும்."

அந்தப் பயணத்துக்குக் கூட்டம் யாங்சென்னையே தேர்ந்தெடுத்தது. இரண்டு நாள் மேட்டு வழியில் கூட்டம் ஏறியது. உச்சியைத் தொட்ட யாங்சென் பள்ளத்தாக்கில் இறங்கவில்லை. நோர்பு வந்து பக்கத்தில் நின்ற பிறகும் இறங்கவில்லை. அங்கேயே நின்று காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து, கீழேயிருந்து மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது.

"நானும் வந்துவிட்டேன்!"

அது கடைசியில் நடந்துவந்த பழைய ராஜா சிங்கேயின் குரல். யாங்சென் அப்போதுதான் அடுத்த அடியை எடுத்து வைத்தது. அடுத்த ஆண்டு பயணத்தில் அது வரிசையின் கடைசியில் நடந்தது.

முன்னால் போகிறவர் கடந்துவிட்டார் என்பதற்காகப் பாதை நல்லதாகிவிடாது, கடைசியில் வருகிறவரும் கடந்தால்தான் அது எல்லோருக்குமான பாதை.

கதையில் வரும் ஏரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேபாளத்தில் 2008-ஆம் ஆண்டு மன்னராட்சி முடிந்து குடியரசு வந்தது என்பதையும், காத்மாண்டுவில் மன்னர்களின் அரண்மனை இப்போது அருங்காட்சியகம் என்பதையும், அவர்கள் சூடிய மகுடம் அங்கேயே மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பிறகு தேடிப் படித்து உறுதிசெய்துகொண்டேன்.