திறக்க மறுத்த போல்ட்

“டீச்சர், இந்த மருந்துல கலப்படம் இருக்கு” என்றார் தில்லைநாயகம்.

எஸ்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எந்த மருந்துல?”

“தோட்டாவுக்குள்ள போடற மருந்துல.”

பெர்த் நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிக் கழகம். தில்லைநாயகம் பல் டாக்டர். பிள்ளைகள் வேலைக்கென்று வீட்டைவிட்டுப் போனதும், வீடு அமைதியாகிவிட்டதே என்று ரைஃபிளைக் கையில் எடுத்தவர். எஸ்தர் நாசரேத்துக்காரர். டாக்டரைவிடப் பதினைந்து வயது இளையவர். பெரிய போட்டிகளில் சுட்டுப் பதக்கம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பயிற்சி கொடுப்பவர். டாக்டருக்கு அவர் டீச்சர்.

சுடுவது மட்டுமல்ல, தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கவும் எஸ்தர்தான் சொல்லிக் கொடுத்தார். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர் ஒன்றைப் பொட்டு மாதிரி புதிதாக வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே, பறந்து போய்க் குறியில் படும் ஈய ரவையை அழுத்த வேண்டும். டாக்டருக்கு அது கைவந்துவிட்டது. காலமெல்லாம் பல்லை அடைத்த கைக்கு இது ஒரு வேலையா என்பது அவர் கட்சி.

அடுத்த ஞாயிறு போட்டி. கழக அணியில் முதல் தடவையாக அவர் பெயரும் இருந்தது.

“காட்டுங்க” என்றார் எஸ்தர்.

டாக்டர் சுட்ட கூடுகளை மேஜையில் நிறுத்தி வைத்தார்.

எஸ்தர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டிய பிரைமர், ரயில் ஏறிய காசு மாதிரி தட்டையாகக் கிடந்தது. பித்தளையின் அடியில் பளபளவென்று ஒரு தேய்ப்பு.

“போல்ட் எப்படித் திறக்குது?” தோட்டா உட்காரும் அறையைப் பின்பக்கம் மூடி நிற்கும் இரும்புத் தாழைத்தான் கேட்டார்.

“கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ஆனா சமாளிச்சுடறேன்.”

“எப்படி?”

டாக்டர் தன் பைக்குள் கைவிட்டு ஒரு ரப்பர் சுத்தியலை எடுத்தார்.

எஸ்தர் சுத்தியலைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். பிறகு சுத்தியலை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நாளா?”

“போன மாசத்துல இருந்துதான்.”

“ஏன் சொல்லல?”

“திறந்துடுச்சே, டீச்சர்.”

எஸ்தர் எழுந்து, டாக்டர் வழக்கமாகப் படுத்துச் சுடும் பாயருகே அழைத்துப் போனார்.

“படுங்க. கன்னத்தை எங்க வைப்பீங்க?”

டாக்டர் காட்டினார்.

“போல்ட் எங்க இருக்கும்?”

கன்னத்திலிருந்து நாலு விரல் தள்ளி என்று காட்டினார்.

“அழுத்தம் தாங்காம அது உடைஞ்சா?”

டாக்டரின் விரல் மெதுவாக அவருடைய வலது கண்ணுக்கு வந்தது. பிறகு தானாகவே பக்கத்துப் பாய்க்குத் திரும்பியது. அங்கே கென் என்ற பெரியவர், கோதுமை விவசாயி, கால் நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்துக் கையசைத்தார்.

டாக்டர் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னைக்கு இனிமே சுட வேண்டாம்” என்றார் எஸ்தர். “என்ன மாத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

“ஒண்ணும் மாத்தல.”

“மருந்து?”

“அதே டப்பா. அதே அளவு.”

“ரவை?”

“அதே ரவை.”

“பிரைமர், கூடு?”

“எல்லாம் அதேதான். அதனாலதான் சொல்றேன், மருந்து செஞ்சவன் ஏதோ கலந்திருக்கான். இல்லேன்னா இந்த ஊர் வெயில். இல்லேன்னா ரைஃபிளே சரியில்ல. புதுசு வாங்கிடலாமான்னு என் வீட்டுக்காரி வத்சலாகிட்ட கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பதில் சொல்லல. பார்த்தா.”

எஸ்தர், டாக்டர் செய்த தோட்டா ஒன்றின் ரவையைப் பிடுங்கினார். மருந்தைத் தன் தராசில் கொட்டினார். இம்மி பிசகாமல் இருந்தது. கூட்டின் நீளத்தை அளந்தார். சரி. இன்னொரு தோட்டாவைப் பிரித்தார். அதுவும் சரி.

டாக்டரின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது.

“நான்தான் சொன்னேனே, டீச்சர். என் பக்கம் ஒரு தப்பும் இல்ல.”

எஸ்தர் சுட்ட கூட்டை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை கண்ணுக்கு அருகே கொண்டுபோகவில்லை. மூக்கருகே கொண்டுபோனார்.

கண்ணை மூடி ஒரு தடவை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

“டாக்டர், காலைல வீட்ல என்ன டிபன்?”

“இட்லி. ஏன்?”

“மிளகாய்ப் பொடியா?”

“ஆமா.”

“கை கழுவினீங்களா?”

“என்ன டீச்சர் இது, நான் டாக்டர்.”

எஸ்தர் ரைஃபிளின் போல்ட்டை உருவினார். ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, தோட்டா போய் உட்காரும் அறைக்குள் விட்டுத் துழாவி எடுத்தார். துணி மஞ்சளாக வந்தது. பிழிந்தால் சொட்டும் போலிருந்தது.

“இது என்ன?”

“எண்ணெய்.”

“என்ன எண்ணெய்?”

டாக்டர் சற்றுத் தயங்கினார். “நல்லெண்ணெய். செக்குல ஆட்டினது. மாமியார் மதுரைல இருந்து கொண்டுவந்தாங்க. சுத்தமான சரக்கு.”

“எதுக்குப் போட்டீங்க?”

“ஒரு நாள் போல்ட் லேசா இறுக்கமா இருந்துச்சு. கொஞ்சம் விட்டேன். மறுநாள் இன்னும் இறுகுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டேன்.”

“அப்புறம்?”

“இன்னும் இறுகுச்சு.”

“அப்புறம்?”

டாக்டர் தரையைப் பார்த்தார். “ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேய்ச்சே போட ஆரம்பிச்சுட்டேன்.”

கென் ஆப்பிளைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“எண்ணெய் போட்டா வழுக்கிட்டு வரணும். ஏன் இறுகணும், டீச்சர்?”

எஸ்தர் கொட்டகையின் இரும்புத் தூணைக் காட்டினார்.

“ரெண்டு கையாலயும் அதைப் பிடிச்சுக்கோங்க.”

பிடித்தார்.

எஸ்தர் கென்னைக் கூப்பிட்டு டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கென் வந்து நின்றார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது.

எஸ்தர் டாக்டரின் மார்பில் கைவைத்துத் தள்ளினார். டாக்டர் அசையவில்லை. கென் மேல் பாரமே விழவில்லை.

“இப்ப அந்த எண்ணெய் பாட்டிலை எடுங்க.”

அதுவும் பைக்குள்தான் இருந்தது. எஸ்தர் டாக்டரின் உள்ளங்கை இரண்டிலும் தாராளமாக ஊற்றினார்.

“பிடிங்க.”

பிடித்தார்.

எஸ்தர் அதே அளவு பலத்தோடுதான் தள்ளினார். டாக்டரின் கைகள் தூணில் வழுக்கின. அவர் பின்னால் பறந்து கென் மேல் மோதினார். கென் நாற்காலி மேல் விழுந்தார். நாற்காலி இரண்டு பேரையும் தாங்காமல் மடிந்தது.

புழுதி அடங்கியது.

டாக்டர் கென்னின் வயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே சற்று யோசித்தார்.

“நான்தான் கூடு” என்றார்.

எஸ்தர் தலையசைத்தார்.

“தூண்தான் அந்த அறையோட சுவர். வெடிக்கிறப்போ கூடு சுவரைப் பிடிச்சுக்கும். நான் பிடிக்க விடல.”

“ம்.”

“அப்ப போல்ட்?”

“உங்களுக்கு அடியில இருக்கார்” என்றார் எஸ்தர். “எழுந்திருங்க. பாவம், மூச்சு விடட்டும்.”

டாக்டர் அன்று மதியம் முழுவதும் துடைத்தார். துணி மேல் துணியாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு துணி போன நிறத்திலேயே திரும்பி வந்தது. எஸ்தர் போல்ட்டையும் குழலையும் நுணுக்கமாகச் சோதித்தார். எதுவும் விரியவில்லை, விரிசல் விடவில்லை என்று தெரிந்த பிறகுதான், கடையில் வாங்கிய தோட்டா ஒன்றைக் கொடுத்தார்.

“ஒண்ணே ஒண்ணு.”

டாக்டர் சுட்டார். போல்ட்டில் விரலை வைத்தார். வெண்ணெயில் கத்தி போல மேலே வந்தது. பிரைமரின் விளிம்பு அழகாக உருண்டிருந்தது.

பிறகு டாக்டர் தயாரித்த, எண்ணெய் தொடாத தோட்டா ஒன்றையும் கொடுத்தார். அதுவும் அப்படியே.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஸ்தர் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“இப்ப அழுத்தமே காணோமே. நிறைய இடம் இருக்கும் போல. அப்ப இன்னும் ஒரு சிட்டிகை மருந்து கூட்டிப் பார்க்கலாமா?”

எஸ்தர் திரும்பி வந்தார். ரைஃபிளிலிருந்து போல்ட்டை உருவினார். அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். மேஜையில் இருந்த நல்லெண்ணெய் பாட்டிலை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

“வீட்டுக்குப் போய் வடை சுடுங்க” என்றார்.

டாக்டர் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் அவர் அதிகம் பேசவில்லை என்று வத்சலா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. காலையிலேயே டாக்டர் வந்துவிட்டார். தோளில் போல்ட் இல்லாத ரைஃபிள். கையில் மூடி போட்ட ஒரு பாத்திரம்.

எஸ்தர் மூடியைத் திறந்தார். மிளகு வடை. இன்னும் சூடு ஆறவில்லை. ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார்.

டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லா வந்திருக்கு” என்றார் எஸ்தர்.

டாக்டர் பூரித்துப் போனார்.

“அப்படின்னா அடுத்த தடவை மிளகு இன்னும் கொஞ்சம்…”

அதோடு நிறுத்தி, வாயை மூடிக்கொண்டார்.

எஸ்தர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார்.