முதலாளி சட்டையில் நீலம்

கஸ்பார் முதலாளியின் புது விசைப்படகில், கேபினுக்குள் அவர் படுக்கிற பலகை மேலேயே மழைத்தண்ணீர் சொட்டியது. "யாரு வேலைலே இது?" என்று கத்தினார். எல்லார் கையும் படகு கட்டிய இஞ்ஞாசி ஓடாவிப் பக்கம் நீண்டது. கரையே பார்க்க அவரை ஏசி விரட்டினார் முதலாளி. ஒழுகல் மட்டும் போகவில்லை.

அடுத்த மழையில் முதலாளியிடம் மாட்டியவன் படகுச் சமையல்காரன் சிலுவை.

"நாளைக்குப் பங்குச் சாமியார் படகை மந்திரிக்க வாராரு. ஒரு ஆணியக்கூடப் பிடுங்காம ஓட்டையக் கண்டுபிடி. இல்ல, ஓடாவி போன வழியில நீயும் போ."

"சரி முதலாளி. நீங்க எப்பவும்போலப் படுத்திருங்க. சொட்டு விழுந்தா ஒரு குரல் குடுங்க, போதும்."

மழை விட்டதும் மேலே ஏறியவன் ஜன்னலோரம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான். சத்தமில்லை. கதவுக்கு மேலே கருப்பட்டிக் காப்பியை ஊற்றினான். அதற்கும் சத்தமில்லை. கூரை நடுவே, ஓடாவி வேலை முடித்துப் போனபின் முதலாளி தன் கையாலேயே திருகாணி முடுக்கி நிறுத்திய அவர் பெயர்ப்பலகை இருந்தது. அதன் அடியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினான்.

"எலேய்!"

வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாக முதலாளி வெளியே வந்து, பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். கரையும் பார்த்தது.

உடனே ஓடாவி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு கேரளாப் பக்கம் போய்விட்டாராம்.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமேலே?" என்றார் முதலாளி, குரல் இறங்கி.

வாளியைக் கழுவிக்கொண்டிருந்த சிலுவை நிமிரவில்லை.

"அன்னைக்கு யாருன்னுதான் கேட்டீய முதலாளி. நாங்களும் ஆளக் காட்டிட்டோம். ஓட்டை எங்கன்னு கேட்டது இன்னைக்குத்தான்."